என் தங்கை கேட்காத மன்னிப்பு

என் தங்கை ஹோட்டா கனாயே ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு வணிக உயர்நிலைப் பள்ளியில் ஓர் இடம். பரிந்துரை இல்லாமல் அது கிடைக்கவே கிடைக்காது என்று அவளுடைய வாத்தியார் சொல்லியிருந்தார். ஏரி நீச்சலில் மூன்றாம் பரிசு, அதுவும் காய்ச்சலோடு. பெரிய பேருந்து ஓட்டும் உரிமம், இரண்டாம் முயற்சியில். பேருந்துப் பணிமனையில் பெண்களுக்கு ஓர் உடைமாற்றும் அறை. அவள் சேரும்வரை அங்கே பெண் ஓட்டுநரே கிடையாது, அதனால் அறையும் கிடையாது. பூனை கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்த வீட்டுக்காரரிடமிருந்து ஒரு பூனைக்கு அனுமதி. இருப்பதிலேயே பூனைதான் கஷ்டம் என்பாள் அவள். எனக்குப் பள்ளி இடம்தான் பெரிது. அதற்கு முன்னால் அவள் எதை வேண்டாம் என்றாள் என்பது எனக்குத் தெரியும்.

நான் அவளுக்கு எட்டு வயது மூத்தவள். நடுநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சலவைக் கடையில் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான். சலவைக் கடையில் இருப்பவர்கள் யாரையும் சட்டென்று நம்பமாட்டார்கள். சோயா சாறு கொட்டிவிட்டது என்று சொல்லிச் சட்டையைக் கொடுப்பார்கள், முகர்ந்தால் சாராயம் அடிக்கும். பைகளைத் துழாவாமல் ஒரு துணியையும் நான் தண்ணீரில் போட்டதில்லை.

அப்பா மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்களுக்கு அச்சு வார்ப்பவர். 1979 வசந்தத்தில் கம்பெனி அவரை இந்தோனேசியாவில் சுரபாயாவுக்கு அனுப்பியது. அம்மாவும் ஏழு வயது கனாயேவும் கூடப் போனார்கள். எனக்கு வேலை கிடைத்திருந்ததால் நான் இங்கேயே கடையின் மாடியில் தங்கிவிட்டேன். தொழிற்சாலை நகரத்துக்கு வெளியே இருந்தது. பக்கத்தில் ஜப்பானியப் பள்ளி கிடையாது. கனாயே கன்னியாஸ்திரீகள் நடத்திய உள்ளூர்ப் பள்ளியில் படித்தாள். ஆறு வருடம் கழித்து, அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, அம்மாவும் அவளும் திரும்பினார்கள்.

விமான நிலையத்தில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கறுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து, கைகளை வீசி நடந்து வந்தாள். இரண்டு காதிலும் மிளகளவு பொன் மின்னியது.

"அம்மா, இது என்ன?" என்றேன்.

"கத்தாதடி. அங்க எல்லாப் பொண்ணுக்கும் குத்துவாங்க. இவ மட்டும் மொட்டைக் காதோட போனா, இது பையனா பொண்ணான்னு கேக்குறாங்க."

"இங்க என்ன கேப்பாங்க தெரியுமா?"

"தெரியும். பஸ் ஏறதுக்குள்ள கழட்டிடலாம்."

கழற்றினார்கள். ஓட்டையைக் கழற்ற முடியவில்லை.

எங்கள் ஊரில் அப்போது பெண்கள் காதில் போட்டதெல்லாம் கவ்வி வைக்கிற தோடுதான். குத்தித் தோடு போட்டவர்கள் இரண்டு வகை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் மதுக்கடைகளில் வேலை செய்தவர்கள், பள்ளிக்குப் போகாமல் பையன்களின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு திரிந்தவர்கள். பதின்மூன்று வயதில் இந்த இரண்டில் எதுவாக இருக்க முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை.

நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். தோளைத் தொடும் முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கட்டினால் காது தெரியும். முதல் நாளே வாசலில் நாகுரா சார் பிடித்துவிட்டார். அவர்தான் வகுப்பு வாத்தியார், ஒழுங்கு பார்ப்பவரும் அவரே.

"இது என்ன?"

"ஓட்டை சார்."

"அது தெரியுது. யார் குத்தினா?"

"நர்ஸ், சார்."

"எந்த ஊர் நர்ஸ் காது குத்துறா? யாரு கூட சுத்திக்கிட்டிருந்தேன்னு கேக்குறேன்."

அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மா போய்ப் பலமுறை குனிந்து வணங்கிவிட்டு வந்தாள். மற்ற பிள்ளைகள் பார்த்துக் கெட்டுவிடக் கூடாது என்பதால் காதை மூடிக்கொண்டு வரவேண்டும் என்று முடிவானது. பிளாஸ்திரி போட்டு மூடினாள். தினமும் காலையில் இரண்டு. பிளாஸ்திரியின் நிறம் எங்கள் நிறம். அவளுடையது வெயிலில் வேறு நிறமாகியிருந்தது. ஓட்டை தெரிந்திருந்தால் கிட்ட வந்தவர்கள்தான் பார்த்திருப்பார்கள். பிளாஸ்திரி தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது.

"ரெண்டு காதுலயும் அடியா? தினமுமா?" என்று கேட்டார்கள்.

"அதுதாண்டா ரேடியோ. பிச்சுப் பாரு, வெளிநாட்டு ஸ்டேஷன் எடுக்கும்."

இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடித்தே காட்டுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்பதால் ஆங்கில வகுப்பில் அவளையே எழுப்பிப் படிக்கச் சொன்னார்கள். எல்லோரும் காது கொடுத்துக் கேளுங்கள், இதுதான் நிஜமான உச்சரிப்பு என்று அந்த டீச்சர் முன்னுரை வேறு கொடுத்தாராம். கனாயேவுக்குத் தெரிந்தது இந்தோனேசிய மொழி. ஆங்கிலத்தை நாக்கை உருட்டி உருட்டிப் படித்தாள். வகுப்பு முதலில் அமைதியானது, பிறகு சிரித்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் பேச்சு: இவள் வெளிநாட்டுக்கே போகவில்லை, புளுகுகிறாள்.

"அந்த ஊர் பாஷைல ஏதாச்சும் சொல்லு பாப்போம்."

சொன்னாள்.

"இது பாஷையா? நாங்களும் சொல்வோம். பிங்கா போங்கா திங்கா."

பேச்சு கடைக்கும் வந்தது. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று, மடித்த துணியை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டே ஒரு அம்மாள் கேட்டாள்: "உங்கப்பா நல்லா இருக்காராம்மா?"

"இருக்காருங்க. சுரபாயாவுல."

"அப்படியா. நிஜமா எங்க இருக்காரு?"

ஜெயிலில் இருக்கிறார் என்று ஒரு கதை. தெற்கே ஏதோ தீவில் அம்மா மதுக்கடை வைத்திருந்தாள், கறுத்தது அங்கேதான் என்று இன்னொரு கதை. கதை யாரிடம் கிளம்பியது என்று கண்டுபிடிக்க நான் துணி கொண்டுவந்த ஒவ்வொருவர் முகத்தையும் படித்துக்கொண்டிருந்தேன். எல்லார் முகமும் ஒன்றுபோலவே இருந்தது.

கன்னியாஸ்திரீகள் பள்ளியில் இடக்கையால் எதையும் நீட்டக் கூடாது, வாங்கக் கூடாது. இங்கே வகுப்பில் தாள்களை முன்னாலிருந்து பின்னால் கடத்துவார்கள். எந்தக் கை வாகாக இருக்கிறதோ அந்தக் கை. கனாயே ஒவ்வொரு முறையும் உடம்பையே திருப்பி வலக்கையால் நீட்டுவாள். யாராவது இடக்கையால் கொடுத்தால் வாங்காமல் பார்ப்பாள். ரொம்பப் பெரிய இடத்துப் பெண்ணோ என்று அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

ஒரு நாள் கடையில் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள்: "அக்கா, நான் நடக்குறது கோணலா இருக்கா?"

"யார் சொன்னா?"

"சும்மா கேட்டேன். கை ரொம்ப ஆடுதாம்."

அன்றிலிருந்து கைகளை உடம்போடு ஒட்டிவைத்துச் சின்னச் சின்ன அடியாக நடந்து பழகினாள். பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொரு நாள் சொன்னாள்: "அங்க தெருவுல போனா, ஏ ஜப்பான்னு கூப்பிடுவாங்க. நானும் திரும்பிப் பாப்பேன். இங்க என்ன சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பணும்னே தெரியலக்கா."

அவள் கையில் ஒரு கட்டுச் சீட்டைக் கொடுத்தேன். துணிகளில் குத்துகிற பெயர்ச் சீட்டுகள் அவை. எங்கள் எழுத்துகள் ஆயிரக்கணக்கில், வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்க வேண்டியவை; ஏழு வயதில் ஊரைவிட்டுப் போனவளுக்கு அந்த வயதின் எழுத்துகள்தான் தெரிந்திருந்தன. வாடிக்கையாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துத் துணியைப் பிரித்துவைப்பது அவள் வேலையானது. இப்படித்தான் ஊர்க்காரர்களின் முகம் தெரியாமலே பெயர் தெரிந்துகொண்டாள். "இவங்க சட்டைக் காலர் அழுக்கே ஆகல, இவருக்குக் கழுத்தே கிடையாதாக்கா?" என்பாள். அந்தச் சிரிப்பை மட்டும் நான் நம்பினேன்.

மூன்றாம் ஆண்டில் அவளுக்கு ஒரு துணை கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெண், விலாங்கு மீன் கடைக்காரரின் மகள் இகுமி. வெள்ளைத் தோல், மெல்லிய குரல், என்னைப் பார்த்தால் தலை தாழ்த்தி "அக்கா, சௌக்கியமா இருக்கீங்களா" என்று கேட்கும் மரியாதை. இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் ஒட்டிக்கொள்கிறாள்? மரியாதையாகப் பேசுகிறவர்களின் சட்டைப் பையை நான் இரண்டு முறை துழாவுவேன்.

அந்த வருடம் அக்டோபரில் விளையாட்டு விழா. எல்லார் வீட்டிலிருந்தும் சாப்பாட்டு டப்பாவோடு பெற்றோர்கள் வந்து மைதானத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் மாணவிகள் காலணி மாற்றும் அலமாரிக்குக் கீழே ஒரு தோடு கிடந்தது. ஒற்றைத் தோடு. அன்றைய துப்புரவு முறைக்காரப் பிள்ளைகள் எடுத்து நாகுரா சாரிடம் கொடுத்தார்கள்.

அன்று மாலை வகுப்பு முடிவுக் கூட்டத்தில், தினமும் அவரவர் தவறைச் சொல்லும் நேரத்தில், நாகுரா சார் ஓர் உறையை மேசைமேல் வைத்தார். "பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாத பொருள் ஒண்ணு கிடைச்சிருக்கு. யாருக்காவது ஏதாவது தோணுதா?" என்றார். யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. முப்பத்தெட்டுத் தலைகள் பிளாஸ்திரியின் பக்கம் திரும்பின.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் கனாயே.

"தெரிஞ்சவங்க சொல்ற வரைக்கும் இருப்போம்."

இருந்தார்கள். வெளியே விளையாட்டுக் குழுக்கள் பயிற்சி முடித்துக் கலைந்தன. ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. கடைசி வரிசைப் பையன் ஒருவனால் பொறுக்க முடியவில்லை. "எனக்கு ட்யூஷன் இருக்கு. எவளாவது மன்னிப்புக் கேளுங்கப்பா. இல்ல, நானே கேட்டுடட்டுமா? தோடு என்னுதுதான் சார், நேத்துதான் காது குத்தினேன்."

நான்கு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். இகுமி மெதுவாக எழுந்தாள். "கனாயே, கேட்டுட்டாப் போச்சு. வேணும்னா நானும் கூட நின்னு கேக்குறேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... எல்லாரும் உக்காந்திருக்காங்கல்ல."

"உக்கார வச்சது நானில்லையே."

நாகுரா சார் கூட்டத்தை முடித்தார். ஒரு வாரத்துக்குள் கனாயே வருத்தக் கடிதம் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக நாங்கள் வைக்கும், குடும்பப் பெயர் செதுக்கிய வீட்டு முத்திரையோடு கொடுக்க வேண்டும் என்றார். நவம்பரில் உயர்நிலைப் பள்ளிக்குப் பரிந்துரைப் பெயர்கள் போக வேண்டும். வணிகப் பள்ளிக்கு அவள் பெயரை அனுப்ப அவரும் நினைத்திருந்தாராம், இந்த விஷயம் தீர்ந்தால் அனுப்பலாமாம். பரிந்துரை இருந்தால் நேர்காணல் மட்டும்தான். இல்லையென்றால் மார்ச்சில் எல்லாரோடும் உட்கார்ந்து தேர்வெழுத வேண்டும். வயதுக்குரிய எழுத்துகளில் பாதியை அவள் இன்னும் பிடித்தபாடில்லை.

அம்மாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. "எழுதிக் குடுத்துட்டு வா. என்னது, வயிறா கிழிஞ்சுடும்?"

"என்னோடது இல்லம்மா."

"உன்னோடதுன்னு யார் எழுதச் சொன்னா? எல்லாருக்கும் சங்கடம் வந்துடுச்சு, வருத்தமா இருக்குன்னு எழுது. இந்த ஊர்ல அதுக்குப் பேரு மரியாதை."

"அங்க, பண்ணாததுக்கு மன்னிப்புக் கேட்டா பொய்னு சொல்வாங்க. சிஸ்டர் அடிப்பாங்க."

"அந்த சிஸ்டரா உனக்குப் பரிந்துரை எழுதப் போறாங்க?"

அம்மா மீனைத் திருப்பிப் போட அடுப்படிக்குப் போனாள். நான் கனாயேவைக் கடைக்கு அழைத்து வந்து நேராகக் கேட்டேன்: "நிஜமாவே உன்னோடது இல்லையா?"

"பாக்கெட்டெல்லாம் துழாவிட்டதான?"

துழாவியிருந்தேன்.

"பாவாடைக்கு உள்பக்கம் ஒரு பை இருக்கு. அதையும் பாத்துடு."

அதையும் பார்த்திருந்தேன். ஒரு மிட்டாய்க் காகிதம்தான் இருந்தது.

"சரி, அப்ப யாரோடது? அந்த இகுமியா? அவ ஏன் அவ்வளவு அவசரமா எழுந்தா? உன் தலையில போட்டுட்டுத் தப்பிக்கத்தானே?"

"இருக்கலாம். அவ வந்து என்கிட்ட கேட்டா விட்டுடுவேன். ஆனா அவளுக்குப் பதிலா நான் கேக்க மாட்டேன்."

ஒரு வாரம் கழிந்தது, அடுத்த வாரமும் கழிந்தது. அவள் எழுதவில்லை. அப்படியிருந்தும் பள்ளியில் எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். கூடைப்பந்து விளையாடக் கூப்பிட்டார்கள். ஆங்கில டீச்சர் தோளில் தட்டினார். "அக்கா, என்னவோ நடந்திருக்கு" என்று கனாயே வந்து சொன்னபோது, அவள் முகத்தில் என் முகத்தையே பார்ப்பதுபோல இருந்தது. வீட்டில் சந்தேகப்படுகிறவர்கள் இரண்டு பேராகிவிட்டோம்.

நவம்பர் பாதியில் ஒரு சனிக்கிழமை நாகுரா சார் தாழ்வாரத்தில் அவளை நிறுத்திச் சொன்னார்: "வீட்லேர்ந்து நல்லா எழுதியிருந்தாங்க. இனி அந்தப் பேச்சு வேண்டாம். பட்டியல்ல உன் பேரு இருக்கு."

அவள் கடைக்கு ஓடி வந்தாள். நான் இஸ்திரியை அணைத்துவிட்டு அவளோடு வீட்டுக்குப் போனேன். அம்மா மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் எழுதினேன். எங்கள் மகளால் வகுப்புக்குத் தொந்தரவு, குடும்பத்தின் சார்பில் ஆழ்ந்த வருத்தம்னு எழுதினேன். தோடு எங்களுதுன்னு ஒரு வார்த்தை இல்ல. வேணும்னா போய்ப் பாரு."

"முத்திரை?"

"வீட்டு முத்திரை வச்சேன். ஹோட்டான்னுதானே இருக்கு. கனாயேன்னா இருக்கு? பார்சல் வந்தாலும் அதைத்தான் வைக்கிறோம்."

"அம்மா, நானும் ஹோட்டாதானே."

அம்மா காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஊரில் எந்த அம்மாவாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள். நானே ஒரு மகளைப் பெற்றிருந்தால் முத்திரையை இன்னும் அழுத்தி வைத்திருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது வேறு விஷயம். அந்தக் கடிதத்தால்தான் கனாயேவுக்கு இடம் கிடைக்கப் போகிறது. பேசாமல் இருந்தால் ஏப்ரலில் அவள் புதுச் சீருடை போடுவாள், அதற்கு மடிப்புத் தேய்ப்பது நானாக இருப்பேன். எங்கள் வீட்டில் உயர்நிலைப் பள்ளி வாசலை யாரும் மிதித்ததில்லை.

"திங்கட்கிழமை நீ வரியாக்கா? அம்மா வர மாட்டாங்க" என்றாள்.

"போய் என்ன பண்ணப் போற?"

"அதைத் திருப்பி வாங்கப் போறேன்."

"பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்துடுவாங்க."

"தெரியும்."

"தேர்வுல தோத்தா சலவைக் கடைதான். என் பக்கத்துல நிக்கணும்."

"நீ நிக்கிறேல்ல."

திங்கட்கிழமை கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டுக்கொண்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது இழுப்பறையிலிருந்த முத்திரையையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முத்திரை இல்லாமல் எந்த அலுவலகத்திலும் ஒரு வேலையும் நடக்காது.

ஆலோசனை அறையில் நாகுரா சார் எங்களை உட்காரவைத்து, தேநீர்கூட ஊற்றினார். மோசமான மனிதர் இல்லை. அந்தப் பெண்ணின் வழியிலிருந்த கல்லைத் தானே எடுத்துப் போட்டுவிட்டதாக அவர் நிஜமாகவே நம்பினார். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அக்காங்களா நீங்க? உங்க தங்கச்சிக்குப் புரியல. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"சார், அந்தத் தோட்டை நான் பாக்கணும்" என்றாள் கனாயே. "எனக்கு யாரும் காட்டவே இல்ல."

அவர் இழுப்பறையிலிருந்து உறையை எடுத்துத் தலைகீழாகத் தட்டினார். முத்துப் பதித்த சின்னத் தோடு மேசையில் உருண்டது. கனாயே அதை வலக்கையால் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள். குத்துகிற கம்பி இல்லை. காதைக் கவ்விப் பிடிக்க ஒரு குட்டித் திருகு இருந்தது.

"இதுக்கு ஓட்டையே வேண்டாம் சார். ஓட்டை இல்லாதவங்க போடுறது இது. உங்க வீட்டம்மாகூட போட்டிருப்பாங்க."

அந்த உறையை அத்தனை நாளும் வைத்திருந்தவர், அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். காது சிவந்துவிட்டது அவருக்கு. யாருடைய அம்மாவின் காதிலிருந்தும் அது விழுந்திருக்கலாம். இல்லை, யாராவது வேண்டுமென்றே போட்டிருக்கலாம். இன்றுவரை அதை யாரும் வந்து கேட்கவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, எழுத மாட்டேன்.

விஷயம் அத்தோடு முடிந்துவிட்டதென்று நினைத்தேன். முடியவில்லை.

"சரி. உன்னோடது இல்லன்னே வச்சுக்குவோம்" என்றார் நாகுரா சார். "ஆனா அன்னிக்கு சாயங்காலம் முப்பத்தெட்டுப் பேர் உக்காந்திருந்தாங்களே? ட்யூஷனைத் தவறவிட்டாங்களே? இந்தக் கடிதம் தோட்டுக்கு இல்ல. அதுக்குத்தான். தொந்தரவுக்கு வருத்தம்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லத் தெரியாத பிள்ளைய நான் எப்படி இன்னொரு பள்ளிக்கு அனுப்புறது? அங்க கேப்பாங்களே, இவளுக்கு நாலு பேரோட இருக்கத் தெரியுமான்னு. உங்களுக்குப் புரியுதுல்ல, அக்கா?"

எனக்குப் புரிந்தது. அதுதான் விஷயமே. எனக்கு முழுசாகப் புரிந்தது. என் இடுப்பு தானாக வளைந்தது. "ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டோம்" என்ற வார்த்தைகள் வாய்க்கு வந்துவிட்டன. வாடிக்கையாளர் கறையோடு கொடுத்த துணிக்கே நாங்கள் அதைத்தான் சொல்கிறோம். கனாயே மேசைக்கு அடியில் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பாதி வளைவிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"சார், உக்கார வச்சது நீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அவங்களுக்குக் கஷ்டம்தான். எனக்கும் கஷ்டம். நானும்தான் உக்காந்திருந்தேன். அவங்க முன்னால நான் வருத்தம் சொன்னா, அந்த உறைக்குள்ள இருந்ததும் என்னோடதாயிடும். எங்கம்மா எழுதினதைக் குடுத்துடுங்க."

"அதை எடுத்தா அந்த இடத்துல ஒண்ணு வைக்கணும். ஃபைலை வெறுமையா விட முடியாது. அதை எடுத்துட்டா உன் பேரைப் பரிந்துரைக்கும் அனுப்ப முடியாது. நல்லா யோசி."

"ஒரு தாள் குடுங்க சார்."

கொடுத்தார். அவள் எழுதினாள். மெதுவாக, கட்டம் கட்டமாக, தெரியாத எழுத்துகளைக் குழந்தைகள் எழுதுவதுபோல ஒலியெழுத்தில் எழுதினாள். மூன்றே வரி. அந்தத் தோடு என்னுடையது அல்ல. அதை நான் கொண்டுவரவில்லை. என் தாயார் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுதி முடித்தவள் இரண்டு காதிலிருந்தும் பிளாஸ்திரியைப் பிய்த்துத் தேநீர்த் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அந்த இடம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

நாகுரா சார் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். "முத்திரை?" என்றார்.

நான் பையைத் திறந்தேன். கனாயே என் கைமேல் கை வைத்தாள்.

"வேண்டாங்க்கா. அது வீட்டோடது. இது நான் எழுதினது."

பேனாவை எடுத்தாள். முத்திரை வைக்கிற இடத்தில், சுரபாயாவில் கன்னியாஸ்திரீகள் மதிப்பெண் தாளில் போடுவதுபோல, கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதினாள்.

"என்ன இது, கிறுக்கல்?" என்றார் அவர்.

"என் பேரு சார்."

அம்மாவின் கடிதத்தை அவர் திருப்பிக் கொடுத்தார். பரிந்துரைப் பட்டியலில் அவள் பெயர் போகவில்லை. குளிர்காலம் முழுக்கக் கடையில் துணிச் சீட்டோடு சேர்த்துப் பழைய கேள்வித் தாள்களும் கிடந்தன. மார்ச்சில் அறிவிப்புப் பலகையில் அவள் எண் இருந்தது. எனக்கு நம்பிக்கை வராமல் தேர்வுச் சீட்டோடு மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். அம்மா நல்ல காரியங்களுக்குச் செய்வதுபோல எல்லாருக்கும் சிவப்புப் பயறு போட்டுச் சோறாக்கினாள், கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்போது தினமும் பேருந்தை எடுக்கும் முன் வண்டிப் பதிவில் அவள் பெயரெழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். அதே ஒரே இழுப்பு. முதன்முதலாக அவள் அதைப் போட்டது ஷோவா 61ஆம் ஆண்டு, அதாவது 1986, நவம்பர் 17, திங்கட்கிழமை.